கட்டிலுக்கடியில் கிடக்கும் சின்தசைசரை உயிர்ப்பிப்பது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

டச் பே கடற்கரைக்குப் பக்கத்து வீடொன்றில், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு நீளமான பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்கள். மேலே சுற்றியிருந்த பொலித்தீனைப் பிரித்தபோது உள்ளே கோர்க் பொலிசிக்ஸ் இருந்தது. 1981-இல் ஜப்பானில் வெளிவந்த, ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள் ஒலிக்கக்கூடிய அனலொக் சின்தசைசர் அது, அதாவது மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கும் கீபோர்ட். எண்பதுகளில் அந்த வீட்டு ஐயா ஓர் இசைக்குழுவில் அதை வாசித்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. அந்த வீட்டு அம்மா கையில் ப்ளக்கை எடுத்துக்கொண்டு, "போட்டுப் பாப்பம் தம்பி, ஒரு சத்தம் கேட்டாலே காணும் எனக்கு" என்றார்.

நான் மறித்தேன். அதற்கு நான்கு வருடம் முன்பு, கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் ஜப்பானில் வாங்கிவந்த கீபோர்ட் ஒன்றை நானே நேராகச் சுவரில் செருகியிருக்கிறேன். பத்து விநாடிக்குள் உள்ளிருந்து புகை வந்தது. 100 வோல்ட் கருவிக்குள் 230 வோல்ட் போயிருந்தது. அந்த வகைக் கீபோர்டை அதற்குப் பிறகு நான் கண்ணால் கண்டதில்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு வரிசையைப் பற்றியது. முதலில் கண், பிறகு வோல்ட், பிறகு உள்ளே இருக்கும் பட்டரி, எல்லாவற்றுக்கும் கடைசியாக சுவிட்ச். பழைய சின்தசைசர்கள் வயதாகிச் சாவதைவிட, இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

முதல் படி: கையில் இருப்பது என்ன?

நம் ஊரில் கட்டை வைத்த எல்லாவற்றுக்கும் ஓர்கன் என்றுதான் பெயர். ஆனால் எந்த வகை என்று தெரிந்தால்தான் பழுது எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடியும். கருவியைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். பெயர், மாடல், வோல்ட், வாட் எல்லாம் அதில் இருக்கும். துரு மறைத்திருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மாடல் பெயர் தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். குமிழ்களும் ஸ்லைடர்களும் நிறைந்து, 'வி.சி.ஓ.', 'வி.சி.எஃப்.' என்று எழுதியிருந்தால் அது அனலொக் சின்தசைசர். 'ஸ்ட்ரிங்ஸ்', 'வயலின்', 'செலோ' என்று நான்கைந்து பொத்தான்கள் மட்டும் இருந்தால், வயலின் கூட்டத்தின் ஒலியைப் போலச் செய்வதற்காக எழுபதுகளில் வந்த ஸ்ட்ரிங் மெஷின். சைல், க்ருமார், லோகன் போன்ற இத்தாலியத் தயாரிப்புகள் இதில் நிறைய. குமிழே இல்லாமல் தட்டையான பொத்தான்களும் சிறு திரையும் இருந்தால், 1983-இல் வந்த யமஹா டி.எக்ஸ்.7-க்குப் பிந்திய டிஜிட்டல் வகையாக இருக்கலாம்.

அரிதானவற்றில் சிலவற்றை முகத்தால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தடித்த உலோகப் பெட்டியில் ரஷ்ய எழுத்துகளோடு, இராணுவ வானொலி போல ஒன்று கண்டால் அது பொலிவொக்ஸ் ஆக இருக்கலாம். சோவியத் ஒன்றியத்தில் விளாடிமிர் குஸ்மின் வடிவமைத்து, உரால் மலைப் பக்கத்துக் கச்கனார் ஊர்த் தொழிற்சாலையில் 1982 முதல் செய்யப்பட்டது. 220 வோல்ட் 50 ஹேர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டதால் வோல்ட் விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒத்துப்போகும். கறுப்பும் மஞ்சளுமாக, அசையும் கட்டையே இல்லாமல் தட்டையாக வரைந்த கீபோர்டோடு ஒன்று கிடைத்தால், அது 1978-இல் இங்கிலாந்தில் கிறிஸ் ஹகெட் வடிவமைத்த வாஸ்ப். அதைப் பொம்மை என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னும் பழையது ஒன்று உண்டு, கிளாவியோலின். 1947-இல் பிரான்ஸில் கொன்ஸ்தான் மார்த்தாங் உருவாக்கியது. நம்மவர்கள் பலருக்கு அதன் பெயர் தெரியாது, ஒலி தெரியும். 1954-இல் ஓர் இந்திப் படத்துக்காகக் கல்யாண்ஜி அதில் வாசித்த மகுடி ஒலிதான் பிறகு எத்தனையோ ஊர்களில் பாம்பாட்டி இசையின் அடையாளமே ஆகிவிட்டது. அதற்குள் இருப்பவை வால்வுகள். உயர் மின்னழுத்தம் நிற்கும். வால்வு வானொலி திருத்திய கை தவிர வேறு கை அதற்குள் போகக்கூடாது.

இரண்டாம் படி: வோல்ட்

இலங்கையில் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தவை 117 அல்லது 120. ஐரோப்பாவிலிருந்து உறவினர் அனுப்பியவை 220 முதல் 240 வரை. இவை அப்படியே ஒத்துப்போகும். பொலிசிக்ஸ் போன்றவை எல்லாச் சந்தைகளுக்கும் தனித்தனி வோல்டில் வந்ததால், மாடல் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. தகட்டைத்தான் நம்ப வேண்டும். யாராவது இடையில் உள்ளே மாற்றியிருக்கலாம் என்பதால் தகட்டோடு உள் வயர்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

100 வோல்ட் கருவிக்கு வோல்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். வெளியீடு 110 என்று எழுதியதை 100-க்குப் பாவித்தால் கருவி சூடாகும். நேரே 100 தருவதையே தேடுங்கள். வாட் அளவு கருவியின் தேவையைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். ஜப்பானியக் கருவிகளுக்கு அதிர்வெண் பிரச்சினை இல்லை, ஏனென்றால் ஜப்பானிலேயே தோக்கியோப் பக்கம் 50, ஒசாகாப் பக்கம் 60. அமெரிக்காவுக்கென்று 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்ததாக இருந்தால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். முதல் அரை மணி நேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

வயரையும் பாருங்கள். நம் பழைய வீடுகளில் இரண்டு முள் ப்ளக்கைப் பேனா செருகித் திறந்து குத்தும் பழக்கம் உண்டு. உலோக உடம்புள்ள பழைய கருவிக்கு அது ஆபத்து. மூன்று முள், சரியான எர்த், வீட்டில் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், இவை மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மூன்றாம் படி: திறப்பது

இந்த வேலைக்கு நல்ல காலம் வைகாசி முதல் ஆவணி வரை. கச்சான் காற்று அடிக்கும் அந்த மாதங்களில் கழுவிய பலகை சீக்கிரம் காயும். கார்த்திகை, மார்கழி மழையில் திறந்தால், துடைத்த ஈரமே உள்ளே தங்கிவிடும்.

ப்ளக்கைக் கழற்றி வைத்து, அரை மணி நேரம் விட்டுத் திறவுங்கள். கப்பாசிட்டர்களுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆணிகளை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று சிரட்டைகளில் பிரித்துப் போட்டு வைத்தால் பிறகு தலையிடி இல்லை. ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் படம் எடுங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இதில் சோம்பல்பட்டால் திரும்பப் பூட்டவே முடியாது.

உள்ளே பார்க்க வேண்டியவை: பல்லி முட்டை, எறும்புப் புற்று, கறையான் மண் (மர உடம்பென்றால் அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள்), தலை உப்பிய கப்பாசிட்டர்கள், கருகிய இடங்கள். ஐரோப்பியக் கருவி என்றால் மின்சாரம் நுழையும் இடத்தில் பழுப்பு மஞ்சளாய், கண்ணாடி போல ஒளிபுகும் உறையுள்ள ஒரு சதுரக் கப்பாசிட்டர் இருக்கக்கூடும். உறையில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் மாற்றிவிட்டே மின்சாரம் கொடுங்கள். ஈரம் உள்ளே போன அந்த வகை, போட்ட சில நிமிடத்தில் புகைந்து வெடிக்கக்கூடும்.

நான்காம் படி: பட்டரி என்ற எதிரி

பலருக்கு இது தெரியாது: எண்பதுகளின் சின்தசைசர்களுக்குள், சேமித்த ஒலிகளை மறக்காமல் இருக்க ஒரு சிறு பட்டரி உண்டு. அது லித்தியம் காசு பட்டரி என்றால் பெரும்பாலும் கசியாது, தீர்ந்துபோகும், அவ்வளவுதான். பொலிசிக்ஸில் இருப்பது வேறு. 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பட்டரியை, கருவியின் மூளை இருக்கும் கே.எல்.எம். 367 பலகையிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். வருடங்கள் போக அது கசிகிறது. கசிவது காரம். அது பலகையின் செப்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். பட்டரிக்குப் பக்கத்தில் தொடங்கி, பலகையின் பச்சைப் பூச்சுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நகரும். உலகம் முழுவதும் பொலிசிக்ஸ்கள் ஊமையானதற்கு முதல் காரணம் இதுதான். அடித்த கட்டை ஒன்று, கேட்கும் சுரம் வேறு. ஒரு சுரம் விடாமல் நிற்பது. பொத்தான்கள் தாமாக மாறுவது, இவையெல்லாம் அதன் அறிகுறிகள்.

டச் பே வீட்டுப் பொலிசிக்ஸில் பட்டரியைச் சுற்றி ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அந்த அம்மா கேட்டபடி அன்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. பட்டரியை வெட்டி எடுங்கள். காரத்தை அமிலம்தான் அடக்கும் என்பதால், வீட்டு வினாகிரியைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பூத்த இடத்தில் தடவுங்கள். மெல்ல நுரைக்கும். நுரை நின்றதும் பட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். கிணற்று நீர் வேண்டாம், நம் ஊர்க் கிணறுகளில் உவர் இருக்கிறது. பிறகு ஐசோப்ரொபைல் அல்ககோலால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தேசிக்காய்ப் புளியைச் சிலர் பாவிப்பார்கள். சர்க்கரையும் நாரும் பலகையில் ஒட்டும், அதனால் எனக்கு அது சரிவரவில்லை.

காய்ந்த பிறகு மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, பட்டரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கோட்டையும் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வராத கோடு அறுந்திருக்கிறது. மெல்லிய இன்சுலேட்டட் வயரால் முனைக்கு முனை இணைக்கலாம். இதைப் பொறுமையுள்ள ரேடியோ பாஸ் ஒருவர் செய்துவிடுவார். சின்தசைசர் தெரிந்திருக்கத் தேவையில்லை, நுண்ணிய ஈயப்பற்று தெரிந்திருந்தால் போதும். நான் எட்டுக் கோடுகளை இணைத்தேன், ஒரு ஞாயிறு முழுக்க.

புதிய பட்டரி வைக்கும்போது கவனம். பழைய நிக்கல் பட்டரிக்குக் கருவியே சார்ஜ் ஏற்றும். அந்த இடத்தில் அப்படியே லித்தியம் காசு பட்டரியை வைத்தால், சார்ஜ் ஏற முடியாத பட்டரிக்குள் மின்சாரம் போய் வீங்கும், வெடிக்கவும் கூடும். லித்தியம் வைப்பதென்றால் சார்ஜைத் தடுக்கும் டயோட் கட்டாயம். அல்லது சார்ஜ் ஏறும் மூன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பட்டரிகளை வயர் நீட்டி, பலகைக்கு வெளியே ஒரு மூலையில் பொருத்துங்கள். இனிக் கசிந்தாலும் பலகை தப்பும்.

கருவி ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பட்டரியும் கசியாமல் இருந்தால், பட்டரியை எடுக்குமுன் கடைசிப் படியை முதலில் செய்யுங்கள். எடுத்த கணமே உள்ளிருக்கும் ஒலிகள் அழிந்துவிடும்.

ஐந்தாம் படி: உப்பு

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் எல்லா உலோகத்திலும் மெல்லிய உப்புப் படலம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, இரவில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் கட்டைகளுக்கு அடியிலுள்ள தொடுமுனைகள் முதலில் பழுதாகும். ஒரு கட்டை மட்டும் ஒலிக்கவில்லை, அல்லது இரண்டு தரம் அடித்தால்தான் ஒலிக்கிறது என்றால், பெரும்பாலும் இதுதான்.

கறுப்பு ரப்பர் குமிழ்கள் உள்ள வகை என்றால், ரப்பரையும் அதற்கடியில் உள்ள கறுப்புத் தடத்தையும் ஐசோப்ரொபைல் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடையுங்கள். மெல்லிய கம்பிகள் உள்ள பழைய வகை என்றால் அவற்றின் மேல் பொன் அல்லது வெள்ளிப் பூச்சு இருக்கும். மணல் தாள் போட்டால் பூச்சு போய், ஒரு மழைகாலத்தில் திரும்பப் பழுதாகும். குமிழ்களையும் ஸ்லைடர்களையும் திருப்பும்போது கரகரத்தால் கொண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தரம் திருப்புங்கள். சைக்கிள் கடையில் எல்லாவற்றுக்கும் அடிக்கும் டபிள்யூ.டி. 40 இதற்கில்லை, அது தூசியைப் பிடித்து வைக்கும் எண்ணெயை விட்டுச்செல்லும். கட்டைகளைக் கழற்றி இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவலாம்.

ஆறாம் படி: மின்சாரம்

இப்போதுதான் சுவிட்ச். அதுவும் நேரே இல்லை. ஒரு சீரிஸ் பல்ப் கட்டுங்கள்: சுவரிலிருந்து வரும் லைவ் வயரின் நடுவே, கருவியின் மொத்த மின்சாரமும் அதன் வழியாகவே போகும்படி, இழை உள்ள 60 வாட் குண்டு பல்ப். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. கருவிக்குள் ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சமாக எரியும், கருவி தப்பும். ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்ல சகுனம். ஸ்டெப்-டவுன் பாவிப்பவர்கள் பல்பை அதற்கு முன்னால், சுவர்ப் பக்கம் கட்ட வேண்டும். மெயின்ஸ் வயர் கட்டிப் பழக்கமில்லாதவர்கள் இதை ஒரு மின் பணியாளரிடம் விடுங்கள்.

பல்ப் மங்கினால் அதை எடுத்துவிட்டு நேரே கொடுத்து, பவர் பலகையின் வோல்டை அளந்து பாருங்கள். அனலொக் வகையில் பெரும்பாலும் கூட்டல் 15, கழித்தல் 15, கூட்டல் 5. பலகையிலேயே எழுதியிருக்கும். இந்த மூன்றும் சரியில்லாமல் வேறு எந்தப் பழுதையும் தேடாதீர்கள்.

ஏழாம் படி: காதால் நோய் அறிவது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடித்து எண்ணுங்கள். ஆறு குரல் உள்ள கருவியில் (ஒவ்வொரு சுரத்தையும் ஒலிக்கும் தனிச் சுற்றுக்குத்தான் குரல் என்று பெயர்) ஐந்து தரம் ஒலித்து ஆறாவது தரம் மௌனம், மறுபடி ஐந்து ஒலி, ஒரு மௌனம் என்றால் கட்டையில் பழுதில்லை; ஆறு குரல்களில் ஒன்று செத்திருக்கிறது. ஸ்ட்ரிங் மெஷினில் எல்லா ஸ்தாயியிலும் ஒரே சுரம் மட்டும் இல்லை என்றால், உதாரணத்துக்கு எல்லா 'ஸ'வும் ஊமை என்றால், அதிர்வெண்ணைப் பாதி பாதியாகப் பிரித்து ஸ்தாயிகளை உண்டாக்கும் சிப்பில் கோளாறு. எல்லாக் குரலிலும் ஒரே இரைச்சல் என்றால் பவர் பலகைக்குத் திரும்புங்கள்.

செத்த குரலுக்கு மருந்து இப்போது முன்னைவிட எளிதாகக் கிடைக்கிறது. பொலிசிக்ஸின் அந்தக் கனிந்த ஒலிக்குக் காரணமான எஸ்.எஸ்.எம். 2044 ஃபில்டர் சிப் பல வருடம் கிடைக்காமல் இருந்தது. அதன் புதிய வடிவமாக எஸ்.எஸ்.ஐ. 2144 வந்திருக்கிறது. கால்கள் ஒன்றல்ல, சிறு மாற்றுப் பலகை தேவைப்படும். 1984-இன் ரோலண்ட் ஜூனோ 106-இல் 80017ஏ என்ற குரல் சிப்புகளின் மேற்பூச்சே காலப்போக்கில் மின்கசிவுக்கு வழிவிடுகிறது. சிப்பைக் கழற்றி அசற்றோனில் ஊறவைத்துப் பூச்சை உரித்தால் பல நேரம் உயிர் வந்துவிடுகிறது. அதைத் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

சுருதி பற்றி ஒன்று. சுரத்தை உண்டாக்கும் அனலொக் ஒஸ்சிலேட்டர் வெப்பத்துக்கு அசையும். போட்டவுடன் சுருதி சேர்க்க வேண்டாம், அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கடியில் சேர்த்த சுருதி, இரவு ஒன்பது மணிக்குத் திருவிழா மேடையில் நிற்காது. வாசிக்கப்போகும் நேரத்தின் வெப்பத்தில் சேர்ப்பதே முறை.

எட்டாம் படி: வைக்கும் இடம்

கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். பொலித்தீன் சுற்ற வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். பருத்தித் துணி மூடினால் போதும், பக்கத்தில் இரண்டு சிலிக்கா ஜெல் பை. கிழமைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் போட்டு வாசியுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கும்போது சுவிட்சை மட்டும் நிறுத்தாமல் ப்ளக்கையே கழற்றுங்கள்.

கடைசிப் படி: நினைவு

ஒலிகளைக் கசெட்டில் சேமிக்கும் வசதி அந்தக் காலக் கருவிகள் பலவற்றில் உண்டு. பின்பக்கம் 'டேப்' என்று எழுதிய துளைகள் இருக்கும். கருவி தன் நினைவிலுள்ள எண்களைக் கீச்சென்ற ஒலியாக மாற்றி வெளியே அனுப்பும். அதைக் கசெட்டில்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. கம்பியூட்டரில் வேவ் கோப்பாகப் பதியுங்கள், எம்.பி.3 வேண்டாம், சுருக்கும்போது எண்கள் சிதையும். இரண்டு தரம் பதிந்து, சரிபார்க்கும் பொத்தானை அழுத்தி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டரியில் கை வையுங்கள்.

டச் பே பொலிசிக்ஸின் பட்டரி எப்போதோ செத்ததால் அதன் 32 ஒலிகளும் போயிருந்தன. பெட்டியை மூடும்போது மூடியின் உறைக்குள் ஒரு கசெட் கிடந்தது. அந்த அம்மா, "அது பழுதான கசெட் தம்பி, போட்டாக் கீச் எண்டு இரையும், பாட்டில்லை" என்றார். அப்படிப்பட்ட கசெட்டுகளை யாரும் எறிந்துவிடாதீர்கள். நாடாவில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் இருந்தது; கையால் மெல்லச் சுற்றிப் பஞ்சால் துடைத்தேன். பிளேயரின் தலையைச் சுத்தம் செய்து, நினைவில் எழுத அனுமதிக்கும் பின்பக்கத்துச் சுவிட்சைத் திறந்து ஏற்றினேன். முதல் இரண்டு தரம் பிழை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மூன்றாம் தரம் போட்டபோது ஏறியது.

நான்காவது பொத்தானில் நாதஸ்வரத்துக்கும் வீணைக்கும் இடைப்பட்ட ஓர் ஒலி இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த தொழிற்சாலை ஒலி இல்லை அது, ஒருவர் குமிழ்களைத் திருப்பித் திருப்பிச் செய்தது. நான் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். அந்த அம்மா குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "இது அவர்தான்" என்றார்.